வீட்டுக்குள் குடியேறும் தெய்வங்கள்

பண்டைக் கிரேக்கத் தெய்வங்களுக்கு இன்று வழிபாடு நடப்பது பெரும்பாலும் வீடுகளில்தான். ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலைப் பயணிகள் சீட்டு வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்க்கிறார்கள். ஒலிம்பியாவிலும் டெல்ஃபியிலும் தூண்கள் விழுந்து கிடக்கின்றன. ஜீயஸுக்கும் அதீனாவுக்கும் ஹெர்மிஸுக்கும் விளக்கு எரிவது ஏதோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அலமாரித் தட்டில். விரித்த துணி, சிறு சிலை அல்லது அச்சிட்ட படம், மெழுகுவர்த்தி, சாம்பிராணி, கிண்ணத்தில் நீர், வார்ப்பதற்குக் கொஞ்சம் ஒயின், தூவுவதற்கு ஒரு பிடி வாற்கோதுமை. இவ்வளவு இருந்தால் வழிபாடு தொடங்கிவிடும்.

கிரேக்க நாட்டில் இந்த மரபை மீட்க 1997இல் ஓர் அமைப்பு தோன்றியது. இருபது ஆண்டுகள் கழித்து, 2017இல், அரசு அதைச் சட்டப்படியான சமயமாக ஏற்றுக்கொண்டது. இடையில் 2007 ஜனவரியில், ஏதென்ஸின் ஒலிம்பிய ஜீயஸ் கோயில் இடிபாடுகளுக்கு நடுவே ஒரு குழுவினர் வெளிப்படையாகச் சடங்கு நடத்தியது உலகச் செய்தியானது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் சிறு குழுக்கள் உண்டு. ஆனால் அவர்களில் பலர் தம் ஊரில் தனியாக இருப்பவர்கள். பூசாரி கிடையாது, கோயில் கிடையாது, சொல்லிக்கொடுக்கப் பாட்டி கிடையாது. கையில் இருப்பவை நூல்கள் மட்டுமே.

பாட்டி இருக்கும் ஊர் ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தால் இந்த நிலையின் கனம் விளங்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர் அப்படிப்பட்ட ஊர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என ஆலைகள் பெருகி, தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், ஆந்திரம், கர்நாடகம், அண்மையில் வடமாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறினார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் தக்கினி உருதும் ஒரே தெருவில் கேட்கும். லைன் வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தனிப் பூசையறை கிடைப்பதில்லை. சமையல் மேடைக்கு மேல் ஒரு பலகை, அல்லது சுவரலமாரியின் ஒரு தட்டு சாமி இடமாகிறது. திருப்பதி வெங்கடாசலபதி, முருகன், சொந்த ஊர் அம்மன் ஆகியோர் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். இடவசதியைப் பொறுத்தவரை ஏதென்ஸின் தட்டும் ஓசூரின் தட்டும் ஒன்றுதான்.

பண்டைக் கிரேக்க வீட்டிலும் பூசையறை என்று ஒன்று இருக்கவில்லை. அடுப்பு, சேமிப்பறை, முற்றம், வாசல் என்று ஒவ்வோர் இடமும் ஒரு தெய்வத்தின் பொறுப்பில் இருந்தது. அடுப்பு ஹெஸ்டியாவுடையது. பிறந்த குழந்தையை அடுப்பைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தபிறகே அது அந்த வீட்டுப் பிள்ளை ஆயிற்று. புதிதாக வந்த மணமகளை அடுப்பருகே அமர்த்தி, உலர்ந்த அத்திப்பழமும் கொட்டைகளும் தலையில் சொரிந்து வரவேற்றார்கள். விலைக்கு வாங்கிய அடிமைக்கும் அதே சடங்கு நடந்தது. பலியிலும் விருந்திலும் ஹெஸ்டியாவுக்கே முதல் பங்கு. ஹோமரின் கதைகளில் ஏறக்குறைய எந்த வேடமும் இல்லாத இந்தத் தெய்வம்தான் வீட்டு வழிபாட்டில் முதலிடத்தில் இருந்தது. கதைகள் வழியாகக் கிரேக்கத் தெய்வங்களை அறிந்தவர்கள் தவறவிடும் செய்தி இது.

ஓசூரில் ஒரு குடும்பம் பத்துக்குப் பத்து அறைக்கு வாடகைக்குப் போனாலும் சாமான் இறக்கும் முன் பால் காய்ச்சுகிறது. சாமி படம், விளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி ஆகியவை முதலில் உள்ளே போகின்றன. அடுப்பில் பால் பொங்கியபின்தான் கட்டிலும் பீரோவும். அது மின்னடுப்பாக இருந்தாலும் சரி. வீடு யாருடையது என்பதை வாடகை ஒப்பந்தம் சொல்லும். அங்கே வாழப்போவது யார் என்பதை அடுப்புக்கு அறிவித்தாக வேண்டும். ஹெஸ்டியாவின் சடங்கிலும் இதே எண்ணம் இருப்பதைக் காணலாம்.

சேமிப்பறையைக் காத்தவர் ஜீயஸ். இடி எறியும் வானத்து அரசன் வீட்டுக்குள் ஒரு சிறு குடமாக இருந்தார். இரண்டு கைப்பிடி உள்ள மூடிபோட்ட குடத்தை எடுத்து, அந்தக் கைப்பிடிகளுக்கு வெள்ளைக் கம்பளி நூல் சுற்றி, உள்ளே தூய நீரும் ஆலிவ் எண்ணெயும் பலவகைப் பழங்களும் தானியங்களும் இடுவார்கள். இந்தச் செய்முறையை அதெனேயஸ் என்பவர் பழைய நூல் ஒன்றிலிருந்து எடுத்துத் தம் தொகுப்பில் பாதுகாத்து வைத்தார். இன்றைய வழிபாட்டினர் ஆர்வத்தோடு மீட்டிருப்பதும் இதைத்தான். சமையலறை அலமாரியின் மூலையில் ஒரு சாடியை வைத்து, மாதப் பிறப்பன்று பழையதைக் கொட்டிப் புதியதை நிரப்புகிறார்கள்.

இதை ஓசூர்க்காரர் எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி, ஆவணியில் வரும் வரமகாலட்சுமி பூசைக்குக் கன்னட, தெலுங்கு வீடுகளில் வைக்கும் கலசம் ஏறக்குறைய இதே பொருள். செம்பில் நீரோ அரிசியோ நிரப்பி, கழுத்தில் நூல் சுற்றி, மாவிலையும் தேங்காயும் வைத்து, அம்மன் முகம் பொருத்திச் சேலை உடுத்துகிறார்கள். அந்த வாரம் ஓசூர்ச் சந்தையில் பூ விலை ஏறுவது ஆண்டுதோறும் நடப்பது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை. இழுத்துப் பிடித்துத் தொடர்பு காட்டவும் தேவையில்லை. தானியம் குறையக்கூடாது என்ற கவலை உள்ள வீடு எந்த நாட்டிலும் ஒரு குடத்தைக் கும்பிடும்.

முற்றத்தில் இன்னொரு ஜீயஸ் இருந்தார். வேலிக்குள் இருப்பவர்களைக் காப்பவர் அவர். ஏதென்ஸில் ஆட்சிப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவரிடம் கேட்ட கேள்விகளை அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் அரசமைப்பு நூல் பட்டியலிடுகிறது. தந்தை பெயர், தாய் பெயர், அவர்களுடைய தந்தையர் பெயர் ஆகியவற்றைக் கேட்டபின், குலத்து அப்பல்லோவும் முற்றத்து ஜீயஸும் உனக்கு உண்டா, அவர்களுடைய இடங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்பார்கள். பிறகுதான் குடும்பக் கல்லறை பற்றியும் பெற்றோரைப் பேணுவது பற்றியும் வரி பற்றியும் விசாரணை நடக்கும். வீட்டுத் தெய்வத்தின் இடத்தைச் சொல்லத் தெரியாதவர் குடிமகன்தானா என்ற ஐயம் வந்துவிடும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் பெண் பார்க்கப் போகும் இடத்தில் முதல் ஐந்து கேள்விகளுக்குள் குலதெய்வம் எது, கோயில் எங்கே என்பது வந்துவிடும். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. ஏதென்ஸின் அரசு கேட்டதை இங்கே சம்பந்தி கேட்கிறார். இந்தக் கேள்வியில் சாதி அடையாளமும் ஒளிந்திருக்கிறது என்பதை மறைக்க வேண்டாம். ஏதென்ஸின் கேள்வியும் அப்படித்தான், வெளியூர்க்காரரையும் அடிமையையும் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. வீட்டுத் தெய்வம் ஒருவரை உள்ளே சேர்க்கும் அதே கையால் இன்னொருவரை விலக்கிவைக்கவும் செய்யும். இன்று கிரேக்கத் தெய்வங்களைக் கும்பிடுவோரிடையேயும் இந்தச் சச்சரவு இருக்கிறது. கிரேக்கருக்கு மட்டுமே உரிய குலமரபு இது என்பது ஒரு தரப்பு. முறைப்படி வழிபடும் எவருக்கும் உரியது என்பது மறுதரப்பு. இரண்டாவது தரப்பே நியாயமானது. கிரேக்க மொழி பேசிய உலகம் எகிப்திலிருந்து இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கத்துப் பாக்திரியா வரை பரவியிருந்தபோது இந்தத் தெய்வங்களுக்குத் தூபம் போட்டவர்களின் வம்சத்தை யாரும் அளந்து பார்க்க முடியாது.

வாசலில் ஹெர்மிஸ் நின்றார், தலையும் குறியும் மட்டும் செதுக்கிய சதுரக் கல்தூணாக. கி.மு. 415இல் சிசிலிப் படையெடுப்புக்குச் சற்று முன் ஓர் இரவில் ஏதென்ஸ் முழுவதும் இந்தக் கற்களை யாரோ சிதைத்துவிட, நகரமே நடுங்கிப்போய் விசாரணையில் இறங்கியது. கூர்முனைத் தூணாகத் தெருவாசல் அப்பல்லோவும், முச்சந்தியிலும் வாசலிலும் மூன்று முகத்தோடு ஹெக்கடேயும் காவல் இருந்தார்கள். வாசல் என்பது ஆபத்து நுழையும் இடம் என்ற உணர்வு இவை அனைத்துக்கும் அடிப்படை. ஓசூரின் புதிய அடுக்குமாடிகளில் திருஷ்டிப் பூசணி தொங்குவதும், எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டுவதும், நிலைப்படிக்கு மஞ்சள் பூசுவதும் இதே உணர்வால்தான்.

வீட்டு வழிபாடு நாள்காட்டியோடு பிணைந்தது. கிரேக்க மாதம் நிலவை ஒட்டியது. நிலவு மறையும் மாத முடிவில் வீட்டைத் துப்புரவு செய்து, முச்சந்தியில் ஹெக்கடேவுக்கு உணவு வைப்பார்கள். அந்த உணவை ஏழைகள் எடுத்துத் தின்றதை அரிஸ்டோஃபனிஸின் நாடகம் ஒன்று குறிப்பிடுகிறது. பிறை தெரியும் முதல் நாள் மங்கல நாள்; தெய்வச் சிலைகளைத் துடைத்து மாலையிடும் நாள் அது. இரண்டாம் நாள் பாம்பு வடிவில் வீட்டைக் காக்கும் நல்லாவிக்கு நீர் கலக்காத ஒயின் வார்ப்பார்கள். நூல்களிலிருந்து மரபை மீட்பவர்கள் இந்த மூன்று நாட்களையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அமாவாசை இரவு முச்சந்தியில் உடைந்து கிடக்கும் பூசணிக்காயையும் குங்குமத்தையும் தாண்டி நடப்பவருக்கு ஹெக்கடேயின் சோறு புதிராக இருக்காது.

இந்த மாத ஒழுங்கைப் பற்றி ஓர் அருமையான கதை உண்டு. கி.மு. 4ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் தியோபாம்பஸ் சொன்னதாக, பல நூற்றாண்டுகள் கழித்துத் தத்துவவாதி போர்ஃபிரி எழுதிவைத்தது. ஆசியாவின் மக்னீசியாவைச் சேர்ந்த பெருஞ்செல்வர் ஒருவர் டெல்ஃபிக்கு வந்து ஏராளமான மாடுகளைப் பலியிட்டார். பிறகு, தெய்வங்களை மிகச் சிறப்பாக வழிபடுகிறவர் யார் என்று குறிகேட்டார். தம் பெயர் வரும் என்பது அவர் எதிர்பார்ப்பு. ஆர்க்கேடியாவின் மெதிட்ரியன் என்ற குக்கிராமத்து க்ளியார்க்கஸ் என்று பதில் வந்தது. திகைத்துப்போன செல்வர் தேடிச் சென்று பார்த்தார். க்ளியார்க்கஸ் எளிய மனிதர். உரிய நாள் தவறாமல் செய்கிறேன் என்றார் அவர். மாதந்தோறும் அமாவாசை கழிந்ததும் முன்னோர் விட்டுச்சென்ற ஹெர்மிஸையும் ஹெக்கடேயையும் மற்றத் தெய்வங்களையும் துடைத்து மெருகேற்றி மாலையிடுகிறேன், சாம்பிராணியும் மாவுப் பணியாரமும் படைக்கிறேன், பருவத்தில் விளைந்த முதல் பலனைத் தருகிறேன் என்றார். மாடு வெட்டுவது அவர் வழக்கத்தில் இல்லை. வீட்டு வழிபாட்டின் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு பதிலுக்குள் அடங்கிவிடுகிறது: கையில் இருப்பதைக் கொண்டு, நாள் தவறாமல், துடைத்து வைப்பது.

எல்லோருக்கும் இது பிடித்ததில்லை. பிளேட்டோ தம் இறுதிக் காலத்து நூலான 'சட்டங்க'ளில், தனியார் வீட்டில் யாரும் வழிபாட்டிடம் வைத்திருக்கக்கூடாது, பொதுக்கோயிலுக்குப் போய்ப் பூசாரிகள் வழியே வழிபட வேண்டும் என்று விதி வகுத்தார். தெய்வத்தை நிறுவுவது எளிய செயல் இல்லை, ஆழ்ந்து யோசித்துச் செய்ய வேண்டியது என்பது அவர் வாதம். பெண்களும் நோயாளிகளும் ஆபத்தில் சிக்கியவர்களும் கனவில் பயந்தவர்களும் கண்ட இடத்திலெல்லாம் பீடம் கட்டி வீடுகளையும் தெருக்களையும் நிரப்பிவிடுகிறார்கள் என்று குறைப்பட்டார். அவர் குறையாகச் சொன்னதுதான் வீட்டுப் பீடத்துக்கு இருக்கும் நியாயம். ஷிப்டுக்குப் போன கணவன் இரவு இரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் வண்டியோட்டி வீடு திரும்ப வேண்டியிருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. அந்த நேரத்தில் கோயில் நடை திறந்திருக்காது. அப்போது ஒரு பெண் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்க வீட்டில் ஓர் இடம் வேண்டும். பிளேட்டோவின் விதியை எந்த நகரமும் நடைமுறைப்படுத்தவில்லை.

அந்த விதியை வேறு நோக்கத்தோடு நிறைவேற்றியது கிறிஸ்தவ ரோமப் பேரரசு. 392 நவம்பர் 8ஆம் நாள் பேரரசர் தியோடோசியஸ் பெயரில் வெளிவந்த சட்டம் கோயில் பலியோடு நிற்கவில்லை. வீட்டுக்குள் இரகசியமாகத் தீ மூட்டி, ஒயின் வார்த்து, தூபம் போட்டு வீட்டுத் தெய்வங்களை வணங்குவதையும் தடைசெய்தது; விளக்கேற்றுவதையும் மாலை தொங்கவிடுவதையும்கூடப் பெயர்சொல்லி விலக்கியது. தூபம் புகைந்ததாக நிறுவப்பட்ட வீடும் நிலமும் அரசுடைமையாகும் என்றது. ஒரு சமயத்தை முடிக்க நினைத்தவர்களுக்கு அதன் உயிர் அலமாரித் தட்டிலும் இருக்கிறது என்பது சரியாகத் தெரிந்திருந்தது.

அதற்கு அடுத்த நூற்றாண்டில் ஏதென்ஸின் தத்துவப் பள்ளித் தலைவர் ப்ரோக்ளஸின் வாழ்க்கையை அவர் மாணவர் மரினஸ் எழுதினார். பார்த்தினானிலிருந்து அதீனாவின் சிலையை அகற்றியபோது ப்ரோக்ளஸின் கனவில் அழகிய பெண் ஒருத்தி வந்தாள். ஏதென்ஸின் தலைவி உன்னோடு தங்க விரும்புகிறாள், வீட்டை உடனே ஆயத்தம் செய் என்றாள். பல நூற்றாண்டுகள் பெருங்கோயிலில் இருந்த தெய்வம் கடைசியில் ஓர் ஆசிரியர் வீட்டுக்குக் குடிவந்தது. 485இல் ப்ரோக்ளஸ் இறந்தார். 529இல் பேரரசர் ஜஸ்டினியனின் ஆணைக்குப் பிறகு ஏதென்ஸில் தத்துவக் கல்வியும் நின்றது. அதன்பின் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு, தாயிடமிருந்து மகளுக்கு இந்த வழிபாடு கைமாறிய தடம் அறுந்துபோயிற்று. 15ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டு மிஸ்திராவில் வாழ்ந்த அறிஞர் ப்ளீத்தோன் தனியாக ஒரு வழிபாட்டு நூல் இயற்றிப் பார்த்தார். அவர் இறந்தபின் திருச்சபைத் தலைவர் அதைத் தீயிலிட்டார்.

தெய்வம் இடம் பெயர்வது கிரேக்கருக்கும் தமிழருக்கும் பழகிய செயல். கி.மு. 600 வாக்கில் ஃபோசியா நகரத்தார் கப்பலேறி இன்றைய பிரான்சின் மார்செய் நகரை நிறுவியபோது, எபெசஸ் ஆர்ட்டிமிஸின் கோயிலிலிருந்து புனிதப் பொருளையும் ஒரு பெண்ணையும் உடன் அழைத்துப் போனதாகப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். அந்தப் பெண்ணே புதிய ஊரில் முதல் பூசாரியானாள். தமிழ்நாட்டில் இது பிடிமண் எடுப்பது. மூலக்கோயிலிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை மஞ்சள் துணியில் கட்டி வந்து, குடியேறிய ஊரில் வைத்துப் பீடம் எழுப்புகிறார்கள். தொழில் தேடி இடம்பெயரும் குடும்பம் ஆண்டுக்கு ஒருமுறை மூலக்கோயிலுக்குப் போய்வரும். போக முடியாத ஆண்டில் ஓசூர் வீட்டுத் தட்டில் அந்தப் படத்துக்கு முன் பொங்கல் வைக்கும். புதிய ஊரில் தெய்வத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்பது இந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்த பெரும் பேறு. ஏதென்ஸ் அலமாரியின் முன் நிற்கும் இளைஞருக்குப் பிடிமண் எடுக்க மூலக்கோயில் இல்லை.

தொழிற்கருவியை வணங்குவதிலும் இரு மரபும் சந்திக்கின்றன. ஏதென்ஸில் இலையுதிர்காலத்து மாதம் ஒன்றின் கடைசி நாளில் கொல்லரும் கைவினைஞரும் உலைக்களத் தெய்வமான ஹெஃபஸ்டஸுக்கும் அதீனாவுக்கும் விழா எடுத்தார்கள். அதீனாவுக்கு அணிவிக்கும் ஆடைக்கான தறியில் பாவு ஏற்றுவதும் அதே நாளில்தான். ஏறக்குறைய அதே பருவத்தில் ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஆயுதபூசை வரும். லேத்தும் பிரஸ்ஸும் டைகளும் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைக்கப்பட்டுச் சந்தனம், குங்குமம் பெறும். வாழைக்கன்று கட்டி, பொரிகடலை படைத்து, பூசணி சுற்றி உடைப்பார்கள். இயந்திரத்தை ஒருநாள் நிறுத்தி அதன் முகத்தைத் துடைக்கும் இந்தச் சடங்கு, இந்த மண்ணின் பழைமைக்குப் பொருத்தமானது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் அகழ்ந்தெடுத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை செல்வதாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. நாலாயிரம் ஆண்டுகளாக இரும்பு காய்ச்சிய நிலப்பகுதியில் லேத்துக்குக் குங்குமம் வைப்பது இயல்பாகவே பொருந்துகிறது.

இந்த மாவட்டத்தின் மிகப் பெரிய வழிபாட்டுச் செல்வம் நடுகற்கள். போரில், ஆநிரை மீட்பில், புலியோடு நடந்த சண்டையில் இறந்தவனுக்குக் கல் நட்டு வணங்குவது சங்க காலத்திலேயே வேரூன்றிய வழக்கம். தொல்காப்பியம் கல் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு படிகளாக அதைச் சொல்கிறது. தகடூர் அதியமானின் நடுகல்லுக்குப் பீலி சூட்டிக் கள் படைத்ததை ஔவையார் பாடியிருக்கிறார். அந்தத் தகடூர் நாடுதான் இன்றைய தருமபுரியும், 2004இல் அதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரியும். கிருஷ்ணகிரிக்கு அருகே மல்லச்சந்திரம் மலையில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் கூட்டமாக இருக்கின்றன. பல்லவர் கால வட்டெழுத்து நடுகற்களும், கங்கர், நுளம்பர் வழிவந்த கன்னடக் கற்களும், போசளர் குந்தாணியில் அமர்ந்து ஆண்ட 13ஆம் நூற்றாண்டின் கற்களும் இந்தப் பகுதியில் கலந்து கிடக்கின்றன. மாநில எல்லை வரைபடத்தில் வந்தது நேற்று. வீரன் எந்த மொழி பேசிச் செத்தான் என்பதைப் பாராமல் எல்லாக் கல்லுக்கும் மக்கள் எண்ணெய் வார்த்தார்கள்.

பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று உள்ளது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கள்ளரைக் கடித்து அவனைக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரும் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு நாய்க்குப் பெயர் சொல்லிக் கல் நட்ட ஊர்க்காரர்களின் நன்றியுணர்வு வியக்கவைக்கிறது.

ஆனால் இப்படிப் பெயர் தெரிந்து வணங்கப்படும் கல் அரிது. ஊத்தங்கரை, பர்கூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் நடுகற்கள் பலவும் வேடியப்பன் ஆகிவிட்டன. வில்லும் வாளும் ஏந்திய உருவத்தைப் பார்த்து வேடன் என்று கொண்டார்கள். பொங்கலிட்டார்கள், கிடா வெட்டினார்கள், மண்குதிரை செய்து வைத்தார்கள், பிள்ளைகளுக்கு வேடியப்பன் என்று பெயரிட்டார்கள். கல்லின் தலைப்பில் இருக்கும் வட்டெழுத்தை வாசிக்கும் அறிவு ஊரிலிருந்து மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. யாருடைய ஆட்சியில், யாருடைய சேவகன், எந்த ஊர் மாட்டை மீட்டு இறந்தான் என்பதெல்லாம் கல்லிலேயே எழுதியிருக்க, அதன்மேல் எண்ணெயும் மஞ்சளும் படிந்துகொண்டே வந்தன.

கிரேக்கத் தெய்வங்களின் நிலை இதற்கு நேர் எதிரானது. அங்கே பெயர், குலம், கதை, துதி, எந்த நாளில் என்ன படைக்க வேண்டும் என்ற விவரம் என எல்லாம் நூலில் இருக்கின்றன. துடைத்துப் பூ வைக்கும் கை மட்டும் இல்லாமல் போயிற்று. கிருஷ்ணகிரியில் கை தொடர்ந்து இயங்கியது, பெயர் உதிர்ந்தது. இரண்டு இழப்பில் எது பெரிது என்று கேட்டால், கை அறுந்துபோனதுதான். வேடியப்பனின் பழைய பெயரை ஒரு கல்வெட்டு அறிஞர் ஒரே மாலையில் படித்துச் சொல்லிவிடலாம். எப்போது முணுமுணுக்க வேண்டும், எப்போது பேசாமல் நிற்க வேண்டும், விளக்கு அணைந்தால் என்ன செய்வது என்பவற்றை நூலிலிருந்து கற்க முடியாது.

கிரேக்க மண்ணிலேயே வேடியப்பனைப் போன்ற ஒன்று இருந்தது. எலூசிஸ் கிராமத்தார் ஒரு பழஞ்சிலையைச் சுற்றிச் சாண எருவைக் குவித்து, விளக்கேற்றி, தங்கள் வயல் விளைவது அதனால்தான் என்று நம்பி வந்தார்கள். 1801இல் எட்வர்ட் டேனியல் கிளார்க் என்ற ஆங்கிலேயர் அதிகாரிகளிடம் அனுமதி பெற்று, ஊரார் எதிர்ப்பை மீறி அதைத் தூக்கிச் சென்றார். அது டிமீட்டர் தெய்வத்தின் சிலை என்பது அவர் எண்ணம். கோயில் வாயிலைத் தாங்கிய பெண் உருவத் தூண்களில் ஒன்று அது என்பது பிற்கால ஆய்வு. இன்று கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தெய்வம் எது என்பதில் கிராமத்தாரும் தவறியிருக்கலாம், அறிஞரும் தவறினார். ஆயினும் வயலையும் விளக்கையும் அந்தக் கல்லோடு இணைத்து வைத்திருந்தவர்கள் கிராமத்தார்தான். அதைப் பிடுங்கியது கொடுமை.

இந்தியாவில் இரண்டு மரபும் ஒரே கல்லில் சந்தித்த இடம் மத்தியப் பிரதேசத்து விதிஷாவுக்கு அருகிலுள்ள பெஸ்நகர். தட்சசீலத்து யவன மன்னன் ஆன்டியால்கிடஸின் தூதராக வந்த ஹீலியோடோரஸ், கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாசுதேவனுக்குக் கருடத் தூண் எழுப்பித் தன்னைப் பாகவதன் என்று பொறித்துக்கொண்டார். ஜீயஸையும் அதீனாவையும் நாணயத்தில் அச்சிட்ட அரசின் தூதர் இங்கே வேறொரு தெய்வத்தை ஏற்றார். பிற்காலத்தில் உள்ளூர் மக்கள் அந்தத் தூணைக் காம் பாபா என்று கும்பிட்டுச் செந்தூரம் பூசிவந்தார்கள். 1877இல் வந்த தொல்லியலாளர் கன்னிங்ஹாமுக்குச் செந்தூரத்தின் கனத்தில் எழுத்து தெரியவில்லை. 1909இல் பூச்சை அகற்றியபோதுதான் கிரேக்கத் தூதரின் பெயர் வெளிப்பட்டது. எழுத்தை மறைத்ததும் செந்தூரம். இரண்டாயிரம் ஆண்டுகள் அந்தத் தூணை யாரும் உடைத்து வீட்டுக்குப் படிக்கல்லாக எடுத்துப் போகாதபடி காத்ததில் அதற்கும் பங்கு உண்டு.

கிரேக்கத் தெய்வங்களுக்கு வீட்டில் பீடம் வைப்பவர்களை வேடிக்கை என்று ஒதுக்குவது தவறு. அவர்கள் செய்வது கடினமான வேலை. ஆதாரம் உள்ளதை மட்டும் செய்வதா, ஆதாரம் இல்லாத இடத்தைத் தம் உள்ளுணர்வால் நிரப்புவதா என்று தங்களுக்குள் ஓயாமல் வாதிடுகிறார்கள். விலங்குப் பலியைப் பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். பழமும் தானியமும் தூபமும் போதும் என்று கொண்டார்கள். க்ளியார்க்கஸின் பதில் அவர்களுக்குத் துணை நிற்கிறது. மூன்று தலைமுறை இப்படித் தட்டு துடைக்கப்பட்டால் அந்த வீட்டிலும் சொல்லிக்கொடுக்க ஒரு பாட்டி இருப்பாள்.

ஓசூரில் இன்று அறுபடும் நிலையில் இருப்பது கல். தொழிற்பேட்டையும் மனைப்பிரிவும் சூளகிரி, பாகலூர், பேரிகை, கெலமங்கலம் என்று பல திசையிலும் விரிகின்றன. பொக்லைன் நிலத்தைச் சமன்செய்யும்போது வேலியோரத்துக் கல் மண்ணோடு போய்விடும். அப்படியே தப்பினாலும் புதுக்கோயில் கட்டுகிறவர்கள் அதற்கு எனாமல் பெயின்ட் அடித்து, சிமென்ட் பூசி, சுற்றிலும் டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். வழிபாட்டை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, நிறுத்தவும் கூடாது. பூசுவதற்கு முன் ஒரு நாள் பொறுத்தால் போதும். கல்லில் எழுத்தோ உருவமோ தென்பட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவி, காலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் படம் எடுத்து, வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள். அவர்கள் மைப்படி எடுத்துப் படித்துச் சொன்னபின், அந்த வீரனின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பொங்கல் வையுங்கள்.